நடு போல்ட்

தடைக்காலத்தில் துருவைச் சுரண்டுவது என் பிழைப்பு.
மண்டபம் வடகடல் ஓரம் ஏற்றி வைத்த விசைப்படகுகளின்
சுக்கான், வின்ச், நங்கூரச் சங்கிலி,
கம்பித்தூரிகையால் தேய்த்து, ப்ரைமர் அடித்து,
முதலாளி கேட்ட நிறம் அடித்து அனுப்புவேன்.
அடுத்த வருசம் வந்து நிற்கும்,
அதே துருவோடு.

ராத்திரியில் துருவைப் பூசுகிறேன்.
இருபத்தெட்டு மில்லிமீட்டர் ஆள். சாம்பல் பிசின்.
ஷார்ஜாவிலிருந்து ரிபாயுதீன் கொண்டுவந்த பெட்டியில் ஐந்து பேர்,
ஒருவனுக்குக் கை தனியாக.
இவன் மூழ்கிய கோட்டையின் வாயிற்காவலனாம்.
இருமல் மருந்து மூடியில் ஒட்டி நிறுத்தியிருக்கிறேன்.
கண்ணுக்குப் புள்ளி வைக்கையில் மூச்சு விடக்கூடாது.
சங்கு குளிக்கிற தாவூது ஒருதரம் சொன்னான்:
முட்டும்போது மேலே வராதே,
முட்டுமோ என்று தோன்றும்போதே வந்துவிடு.
தூரிகைக்கும் அதுதான் கணக்கு.

துணி சொன்ன பேச்சு கேட்கும்.
பள்ளத்தில் இருட்டு, மேட்டில் வெளிச்சம்,
நடுவே டீக்கடைப் பால் மாதிரி தண்ணீர் கலந்த சிவப்பு,
ஏழு பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு.
மடிப்பு எங்கே முறிகிறது என்றுதான் பிடிபடவில்லை.
என் சாரத்தைக் கொடியில் போட்டு
கச்சான் அடிக்கும்வரை காத்திருந்து
போனில் படம் எடுத்தேன், இருபது முப்பது.
எதிர்வீட்டு செலின் பார்த்துவிட்டாள்.
"சாரத்துக்குக் கல்யாண ஆல்பமா?"

இரும்பு கேட்காது.
அதற்குச் சொந்தமாக நிறம் கிடையாது,
எதிரே நிற்பது எதுவோ அதன் நிறம்.
வெள்ளிப் பெயிண்ட் தொடாமல் இரும்பைக் காட்ட
மார்க்கவசத்தில் ஓர் ஆகாயம் வேண்டும், ஒரு கோடு, ஒரு தரை.
பெட்டிப் படத்தில் பனிமலை போட்டிருக்கிறது.
பனியை நான் எங்கே கண்டேன்,
ஐஸ் கம்பெனியில் தவிர?
மேலே உச்சிவெயிலில் வெளுத்த நீலம் வைத்தேன்.
முடி அகலக் கறுப்பு. அதன் கீழ் மணல்.
மணலில் உடைமரத்துக்கு ஒரு பச்சைப் பொட்டு.
குளிர்தேசத்துக் காவலன் நெஞ்சில்
அலையடிக்காத பெண்கடல் வந்து படுத்துக்கொண்டது.

துருவுக்கு மட்டும் யாரிடமும் கேட்கவில்லை.
ஆணிக்கு அடியில் பிடிக்கும். கீலில் பிடிக்கும்.
தண்ணீர் தங்குகிற கீழ்விளிம்பில் முதலில்.
ஒழுகும்போது நேராக ஒழுகாது,
காற்று தள்ளுகிற பக்கம் லேசாகச் சாயும்.
ஸ்பாஞ்சைக் கிள்ளித் தொட்டுத் தொட்டு வைக்கிறேன்.
அருளப்பன் முதலாளி பார்த்தால்
நாள் கூலியைப் பிடித்துக்கொள்வார்.

ஈரக்காற்றில் வார்னிஷ் அடிக்காதே
என்று டப்பாவில் எழுதியிருந்தது.
இங்கே ஈரமில்லாத காற்றை எந்தக் கடையில் வாங்குவது?
அடித்தேன்.
விடிந்து பார்த்தால் மேலங்கி முழுக்க வெள்ளை பூத்திருந்தது,
ஏழு பூச்சுச் சிவப்பும் அதற்கு அடியில்.
கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்,
யாரோடு பேச.

ஞாயிற்றுக்கிழமை பெரியபட்டினம். முபஸ்ஸிரின் செல்போன் கடை மாடி.
அவனுக்கு எலும்புப் படை, நாற்பது பேர், பாதிக்கு நிறமே இல்லை.
என் காவலனை எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தான்.
"உப்பு எப்படிடா வச்ச?
கடலுக்குள்ள கெடந்து எந்திரிச்சு வந்த மாதிரியே இருக்கு."
நான் திறக்கப்போன வாயை மூடிக்கொண்டேன்.
முதல் சுற்று. அவன் பீரங்கி. பகடை ஆறு.
மறுபடி உருட்டினான், மறுபடி ஆறு.
மிச்ச ஆட்டம் முழுக்க என் காவலன்
தேத்தண்ணி கிளாசுக்குப் பக்கத்தில் நின்றான்,
நெஞ்சில் கடலோடு.

திங்கள் காலை. அருளப்பன் படகு.
சுக்கான் தகட்டில் மூன்று போல்ட் வரிசையாக.
ஒரே கடை, ஒரே சாவி, ஒரே தண்ணீர்.
நடு போல்ட்டிலிருந்து மட்டும்
செங்காவி ஒரு சாண் நீளம் இறங்கியிருக்கிறது,
நுனியில் மஞ்சள், விளிம்பில் கிட்டத்தட்டக் கறுப்பு.
கம்பித்தூரிகையைப் பிடித்தபடி நிற்கிறேன்.
ஏன் நடு போல்ட் மட்டும்?